வண்டி ஓட்டும்போது போனிடம் வாயால் கேட்பது: எதைக் கேட்கலாம், எப்போது, எப்படி

கேள்வி இதுதான்: கார் ஓட்டும்போது போனைத் தொடாமல் வாயால் கேட்டே வழி, பெட்ரோல் பங்க், டிராஃபிக், ரயில் நேரம் எல்லாம் தெரிந்துகொள்ளலாமா? சட்டம் என்ன சொல்கிறது? பாதி நேரம் நாம் சொல்வது போனுக்கு ஏன் புரிவதில்லை?

கேட்கலாம். ஆனால் எல்லாவற்றையும் கேட்க முடியாது, எல்லா இடத்திலும் கேட்கக் கூடாது. கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது, கண் ரோட்டில்தானே இருக்கிறது, பிறகென்ன ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். கண் பார்த்துக்கொண்டிருந்தாலும் மனம் பதிலைத் தேடிப் போயிருந்தால், முன்னால் போகிற லாரியின் பிரேக் லைட் கண்ணில் பட்டும் மனதில் பதியாது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு, ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக 2013 முதல் இதை அளந்து வந்தது. 2015-ல் அவர்கள் சொன்ன முடிவு முக்கியமானது: குரல் கட்டளை முடிந்த பிறகும் ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்ப, மோசமான அமைப்புகளில் 27 விநாடி வரை ஆகிறது. நன்றாக இயங்கும் அமைப்பிலும் 15 விநாடிக்கு மேல் ஆகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 450 மீட்டர். 80-ல் போனால் 600 மீட்டர். கேட்டு முடித்து, பதிலும் வந்து, எல்லாம் முடிந்ததென்று நாம் நினைக்கிற பிறகு ஓடுகிற தூரம் அது. கீழே சொல்லப்போகிற பல விஷயங்கள் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவைதான்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் முறை 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் ஒரே ஒரு சலுகை தருகிறது: வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் கலையாத வகையில் கருவியைப் பயன்படுத்தலாம். ஹோல்டரில் மாட்டிய போனில் வழி ஓடிக்கொண்டிருப்பது இதற்குள் வரும். ஸ்பீக்கரைப் போட்டு வாய்க்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு பேசுவது வராது. அதுவும் கையில் பிடிப்பதுதான்.

இனி அமைப்பு. வண்டி நகர்வதற்கு முன் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் செலவழித்தால், ரோட்டில் கேட்க வேண்டியவை பாதியாகக் குறைந்துவிடும். போய்ச் சேரவேண்டிய இடம், நடுவில் நிற்க வேண்டிய இடம், டோல் வேண்டுமா வேண்டாமா எல்லாவற்றையும் மேப்பில் அப்போதே போட்டுவிடுங்கள். போகிற பாதையின் ஆஃப்லைன் மேப்பை வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள்: கூகுள் மேப்ஸில் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் அந்த மெனு வரும். டவர் இல்லாத இடத்தில் குரல் உதவி பெரும்பாலும் வாயடைத்துப் போகும். ஆனால் ஏற்கெனவே தொடங்கிய வழிகாட்டல் ஆஃப்லைன் மேப் இருந்தால் தொடர்ந்து ஓடும். டிராஃபிக் நிலவரமும் மாற்றுப் பாதையும் மட்டும் அப்போது கிடைக்காது.

ஆண்ட்ராய்டு போனில் "ஹே கூகுள்" சொல்லியும் பதில் வரவில்லை என்றால், முதலில் உங்கள் குரலை அடையாளம் காணும் வாய்ஸ் மேட்ச் இயங்குகிறதா என்று பாருங்கள். கூகுள் ஆப், உங்கள் படம், செட்டிங்ஸ், பிறகு கூகுளின் குரல் உதவியாளரான அசிஸ்டன்ட் அல்லது ஜெமினியின் பகுதி, அதில் "ஹே கூகுள்" என்ற வரிசையில் போனால் வரும். போனுக்குப் போன் பெயர்கள் சற்று மாறும். குரலைப் பதிவு செய்யும்போது வீட்டின் அமைதியில் செய்யாமல், காருக்குள் உட்கார்ந்து, இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து சொல்லுங்கள். அது இயங்கியும் சில மணி நேரத்தில் செத்துப்போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் பேட்டரிச் சிக்கனம். ஷாவ்மி, ரியல்மி, விவோ போன்ற போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்களை மூடிவிடும். கூகுள் ஆப்புக்கு பேட்டரியில் "கட்டுப்பாடு இல்லை" என்று வைத்து, ஆட்டோஸ்டார்ட்டையும் திறந்துவிட்டால் பிரச்சினை தீரும். போன் பூட்டியிருக்கும்போதும் பதில் சொல்ல அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் "முதலில் திறக்கவும்" என்று அது கேட்க, நீங்கள் விரலை நீட்டுவீர்கள். ஐபோனில் சிரி செட்டிங்ஸில் பூட்டிய நிலையிலும் சிரியை அனுமதிக்கும் பொத்தான் இருக்கிறது. ஐபோனைக் குப்புற வைத்தால் "ஹே சிரி" கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சீட்டிலோ கப் ஹோல்டரிலோ போட்டுவிட்டுக் கூப்பிடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

ஸ்டியரிங்கில் குரல் பொத்தான் இருக்கிற கார் என்றால் கூப்பிடும் சொல்லை நம்பவே வேண்டாம், பொத்தானே மேல். பல கார்களில் லேசாக அழுத்தினால் காரின் சொந்தக் குரல் அமைப்பு வரும், சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போனின் உதவியாளர் வரும். எது எதைத் திறக்கிறது என்று நிறுத்தி வைத்த வண்டியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போனை எங்கே மாட்டுவது என்பதும் சின்ன விஷயமில்லை. ரோட்டிலிருந்து கண்ணை அதிகம் இறக்காத உயரம் வேண்டும், கண்ணாடி வழியான பார்வையை மறைக்கவும் கூடாது. பக்கத்து சீட் ஏர்பேக் மூடியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. சித்திரை வெயிலில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிய போன் அதைச் சீக்கிரமே தாண்டும். திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் மேப்பே மூடிக்கொள்ளும். ஏசி வென்ட்டில் மாட்டும் ஹோல்டர் போனைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் கனமான போனும் மலிவான கிளிப்பும் சேர்ந்தால் வென்ட்டின் தகடு உடையும். அதே வென்ட்டின் காற்று நேரே மைக்கில் அடித்தால் நீங்கள் சொல்வது எதுவும் அதற்குக் கேட்காது.

புரியாமல் போவதற்கு முதல் காரணம் இந்தக் காற்றுதான். கேட்பதற்கு முன் ஜன்னலை ஏற்றுங்கள், புளோவரை 1-க்கு இறக்குங்கள், கேட்டு முடித்ததும் பழையபடி வையுங்கள். இரண்டாவது காரணம் புளூடூத். பாட்டு ஓடும்போது புளூடூத் உயர்தர ஒலி வழியில் இருக்கும். மைக் தேவைப்படும் நொடியில் அது போன் கால் வழிக்கு மாறுகிறது. பழைய ஸ்டீரியோக்களில் அந்த வழியில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான் போகும், புதியவற்றில் 16,000. மாறுவதற்கு ஒரு நொடி வரை பிடிப்பதால் நீங்கள் அவசரமாகச் சொன்ன முதல் சொல் தொலைந்துவிடும். "மதுரை மேலூருக்கு வழி" என்பதில் மதுரை போய் மேலூர் மட்டும் மிஞ்சும். எனவே கூப்பிட்ட பிறகு "டிங்" சத்தம் வரும்வரை பொறுத்து, அதன்பின் வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்லுங்கள். நடுவில் யோசித்தால், நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று எண்ணி அது பதில் சொல்லத் தொடங்கிவிடும். என்ன கேட்பது என்பதை மனதில் முழுசாக அமைத்துக்கொண்டு பிறகு கூப்பிடுவதுதான் வழி.

வெளியில் வாங்கிப் போட்ட ஸ்டீரியோவாக இருந்தால், முகப்பிலேயே இருக்கும் மைக் பெரும்பாலும் தூரமாகவும் வென்ட்டுக்குப் பக்கத்திலும் அமைந்துவிடும். பின்னால் வெளி மைக்குக்கான துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு கிளிப் மைக்கை ஓட்டுநர் பக்கத்துத் தூணிலோ சன் வைசரிலோ மாட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். மேப் சொல்வதிலும் முதல் சொல் விழுங்கப்பட்டு "...துபுறம் திரும்பவும்" என்று வந்தால், அது எந்தப்புறம் என்பதே தெரியாமல் போகும். கூகுள் மேப்ஸின் வழிகாட்டல் செட்டிங்ஸில், குரலைப் புளூடூத் வழியாக அனுப்புவதை நிறுத்திப் போனின் ஸ்பீக்கரிலேயே பேசவிடுங்கள், தீர்ந்துவிடும்.

மூன்றாவது காரணம் நம் ஊர்ப் பெயர்கள். புதூர், புதுப்பட்டி, காந்தி நகர் எல்லாம் எந்த மாவட்டத்தில் இல்லை? ஆரணி என்று மட்டும் சொன்னால் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியும் வரலாம், திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிப் பக்கத்து ஆரணியும் வரலாம். திருப்பூரும் திருப்போரூரும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். ஆகவே மாவட்டத்தையோ பக்கத்துப் பெரிய ஊரையோ எப்போதும் முன்னால் சேருங்கள்: "திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி பஸ் ஸ்டாண்ட்". போனின் மொழி வரிசையில் தமிழை முதலிலும் இந்திய ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் வைத்தால் தமிழ்ப் பேச்சுக்கு நடுவில் வரும் ஆங்கிலக் கடைப்பெயர்கள் ஓரளவு பிடிபடும். ஐஓஎஸ் 18 முதல் சிரியும் இந்திய ஆங்கிலத்தோடு தமிழைக் கலந்து பேசினால் புரிந்துகொள்கிறது. அடிக்கடி போகும் இடங்களை மேப்பில் உங்கள் சொந்தப் பெயரில் சேமித்து வையுங்கள். "வீடு", "ஆபீஸ்" இரண்டையும் போன் தவறவிடுவதில்லை. வழி தொடங்கியதும் அது சொல்லும் மொத்த தூரத்தைக் காதில் வாங்குங்கள். 40 கிலோமீட்டர் என்று நினைத்த இடத்துக்கு 140 என்று சொன்னால் வேறு ஊரைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

எதைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். ஒரே மூச்சில் கேட்டு ஒரே வரியில் பதில் வரக்கூடியது மட்டும்தான் ஓடும் வண்டிக்கு உரியது. "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்?", "வழியில் அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை கிலோமீட்டர்?", "டோல் இல்லாத வழி போடு", "செங்கல்பட்டில் மழை பெய்கிறதா?", "அம்மாவுக்குப் போன் போடு". இவற்றோடு சரி. "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் ஐந்து பெயர் வாசிக்கும், நீங்கள் மதிப்பெண்ணை ஒப்பிடுவீர்கள், திரையைப் பார்ப்பீர்கள். கண்ணுக்கு வேலை தரும் கருவிகளுக்காக அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் வகுத்த வரம்பு, ஒரு பார்வைக்கு 2 விநாடி, ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 2 விநாடியே 44 மீட்டர். ஹோட்டல் பட்டியல் அதற்குள் அடங்காது.

இந்த வகைச் சேவையின் தொடக்ககால வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் சாலை நிலவரத்துக்கென 511 என்ற எண்ணை 2000-ல் ஒதுக்கினார்கள். 2007-ல் கூகுள் 1-800-கூக்-411 என்ற இலவசக் குரல் விசாரணை எண்ணைத் தொடங்கி 2010-ல் மூடியது. அது முதலில் ஊரும் மாநிலமும் கேட்கும், பிறகு கடையின் பெயர் கேட்கும், பிறகு பட்டியல் வாசித்து எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வசதி. ஓட்டுபவருக்கோ ஒவ்வொரு சுற்றும் கவனத்தை இன்னொரு முறை பிய்த்தெடுக்கும். இன்றைய ஜெமினி ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் பதிலை நீட்டி முழக்கும், மறுகேள்வியும் கேட்கும். "ஒரே வரியில் சொல்" என்று கேள்வியோடு சேர்த்துவிடுங்கள். ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டால் இன்னொரு முறை கேட்கலாம். அதற்குமேல் வாக்குவாதம் வேண்டாம். கோபம் வந்தால் குரல் உயரும், குரல் உயர்ந்தால் அதற்கு இன்னும் புரியாது, அதற்குள் ரோட்டை மறந்திருப்போம்.

எண்ணை அழுத்தச் சொல்லும் விசாரணைச் சேவைகள் வேறு கதை. ஸ்டேஷனுக்கு யாரையோ அழைத்துவரப் போகும்போது 139-க்குப் போட்டு ரயில் எங்கே வருகிறது என்று கேட்கத் தோன்றும். வண்டி எண்ணுக்கு 5 இலக்கம், பிஎன்ஆருக்கு 10 இலக்கம் அழுத்த வேண்டும். இது வாயால் கேட்பதே இல்லை, கையால் டைப் செய்வதுதான். வங்கி, கேஸ் புக்கிங், வாடிக்கையாளர் சேவை எல்லாம் இந்த வகைதான். ஓடும் வண்டியில் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ரயில் நிலவரத்தை உதவியாளரிடம் வண்டி எண் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வராவிட்டால் ஸ்டேஷன் பார்க்கிங்கில் நின்று பாருங்கள். வாட்ஸ்அப் செய்தியை வாசிக்கக் கேட்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பதிலை வாயால் எழுதவைப்பது கூடாது. ஸ்ட்ரேயர் குழு 2013-ல் 1 முதல் 5 வரையான அளவுகோலில் மனச்சுமையை அளந்தபோது ரேடியோ கேட்பது 1.21, ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசுவது 2.27, பேச்சை எழுத்தாக்கும் வேலை 3.06 என்று வந்தது. எழுத்து சரியாக வந்ததா என்று மனம் கூடவே சரிபார்த்துக்கொண்டிருப்பதால் சுமை ஏறுகிறது.

எப்போது கேட்பது? நேர் ரோடு, முன்னால் நல்ல இடைவெளி, வண்டி ஒரே சீரான வேகம். இவ்வளவும் இருந்தால் கேளுங்கள். சந்திப்பு, டோல்கேட், பள்ளிக்கூடம், ஊருக்குள் நுழையும் இடம், ஓவர்டேக், மழை, எதிர் வெளிச்சம் கண்ணைக் கூசும் இரவு எதிலும் வேண்டாம். மேலே சொன்ன 450 மீட்டர் கணக்கை இங்கே பொருத்திக்கொள்ளுங்கள்: அரைக் கிலோமீட்டருக்குள் கவனம் தேவைப்படும் இடம் வருமென்று தெரிந்தால் அதைத் தாண்டிய பிறகே கேட்க வேண்டும். மலைப்பாதையில் வாயே திறக்கக் கூடாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையில் 40, திம்பத்தில் 27. ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்து எதிரே என்ன வருகிறது என்று காதாலும் பார்க்க வேண்டிய இடங்கள் அவை. பாட்டையும் நிறுத்திவிடுங்கள்.

குரல் சேவைக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு, இதைப் பலர் நினைப்பதில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். வழி கேட்டால் வழியைச் சொல்லும், பாஸ் எடுத்தீர்களா என்று கேட்காது. திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. நேரம் தெரியாமல் போய் பண்ணாரி செக்போஸ்ட்டில் நிற்க நேரிடும். திருவிழாவுக்காகப் போலீஸ் மாற்றிவிட்ட பாதை, நேற்று ராத்திரி வெள்ளம் ஏறிய தரைப்பாலம் எல்லாமும் மேப்பில் உடனே ஏறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. குரல் நேராகப் போகச் சொன்னாலும் சாலையில் தடுப்பு இருந்தால் தடுப்புதான் சரி.

பக்கத்தில் ஆள் இருந்தால் போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், கூட உட்கார்ந்திருப்பவர் ரோடு சிக்கலாகும்போது தானாகவே பேச்சைக் குறைத்துக்கொள்வதும், கவனிக்க வேண்டியதைச் சுட்டிக்காட்டுவதும் தெரிந்தது. போனுக்கு அந்தச் சமயோசிதம் கிடையாது, லாரி குறுக்கே வந்தாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு என் பதில் கறாரானது: வழிகாட்டலைக் கேட்டுக்கொள்ளுங்கள், கேள்வி கேட்காதீர்கள். வேகம் கூடக்கூடக் காற்றிரைச்சல் மைக்கை மூழ்கடிக்கும், நீங்கள் கத்த வேண்டியிருக்கும், கத்தினாலும் புரியாது. இரண்டு காதையும் அடைக்கும் இயர்பட்ஸ் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனை மறைக்கும். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனைச் செருகுவது அதைவிட மோசம்: அது நழுவும் கணத்தில் கை தானாகவே ஹேண்டில்பாரை விட்டுவிடும். ஹேண்டில்பார் ஹோல்டரில் போனை மாட்டுபவர்கள் அதிர்வு தாங்கும் ரப்பர் அடி உள்ளதாக வாங்குங்கள். பைக் இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

கடைசியாக, அவசர எண்கள். ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இந்த எண்களை "ஆம்புலன்ஸ்", "ஹைவே உதவி" என்பதுபோல வாயில் எளிதாக வரும் பெயர்களில் சேமித்து, ஒருமுறை குரலால் கூப்பிட்டு, சரியான பெயரைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். கால் போவதற்குள் வெட்டிவிடுங்கள். விபத்தைப் பார்த்தாலோ வண்டி நின்றுபோனாலோ முதலில் பாதுகாப்பாக ஓரம் கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். 1033-ல் பேசும்போது நெடுஞ்சாலை எண், எந்தப் பக்கம் போகும் சாலை, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண் மூன்றையும் சொன்னால் வண்டி வேகமாக வரும். தலையில் மஞ்சள் அடித்த கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சை அடித்தது மாநில நெடுஞ்சாலை. பச்சைக் கல் உள்ள சாலையில் நின்றுகொண்டு 1033-க்குப் போடாமல், விபத்து என்றால் நேரே 108-ஐக் கூப்பிடுங்கள்.